செங்கல் சூளைக்கு ஏது விலாசம்?

வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் எனக்கு உட்காரத் தெரியவில்லை. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். "இன்னா எஸ்தரு, ரோந்து சுத்தறியா?" என்பார் என் வீட்டுக்காரர். பென்ஷன்காரி மாதிரி டி.வி. முன்னால் குந்திக்கொள்ளச் சொல்வார். பத்து நிமிஷம் பார்ப்பேன், எழுந்துவிடுவேன். போன வாரம் ஷைலஜா போன் செய்த பிறகு அந்த நடையும் போதவில்லை.

ஷைலஜா, திருப்பதியில் குழந்தைகள் நலக் குழுவில் நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பெண். காணாமல்போன, ஓடிவந்த, கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கிற குழு அது. வேற்று மாநிலத்திலிருந்து பெற்றோரோடு பிழைக்க வந்த பிள்ளைகள்தான் அதில் முக்கால்வாசி. ஷைலஜா தெலுங்குப் பெண். எங்கள் சித்தூர்த் தமிழைச் சளைக்காமல் பேசுவாள்.

"மேடம், புது ஆப் குடுத்துக்கிறாங்க. ஆதார் நம்பர் போட்டா அட்ரஸ் தானா வந்து குந்திக்குது. மாத்த வுடமாட்டேங்குது. பொண்ணு வேற எடம் சொல்லுது. இன்னா பண்றது?"

"பொண்ணு சொல்ற எடத்த எங்க எழுதின?"

"அதுக்கு எடமே இல்லியே மேடம்."

"காயிதம்னு ஒண்ணு இருக்குதா, அதுவும் போச்சா? காயிதத்துல எழுது. பொண்ணு சொன்னது சொன்னபடி எழுது. பின் அடிச்சி ஃபைல்ல சேரு. ஆப் கெடக்குது கழுதை!"

கத்திவிட்டேன். "கோவமா மேடம்?" என்றாள். அவள்மேல் எனக்கென்ன கோபம்? "நீங்க இவ்ளோ கத்தறீங்கன்னா ஏதோ நடந்திருக்குது. எழுதிக் குடுங்க மேடம், புதுசா வந்தவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றாள். ஆமாம், நடந்திருக்கிறது. எழுதுகிறேன். தெலுங்கில் பேசியவர்களின் பேச்சையும் தமிழிலேயே எழுதுகிறேன். கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சித்தூர்க்காரி. மிஷன் சபையில் ஞானஸ்நானம். நைனா மிஷன் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வாத்தியார். வீட்டில் பேசுவது தமிழ், அடிப்பது இரண்டு பாஷையிலும். டிகிரி முடித்துவிட்டு அரசுக் குழந்தைகள் இல்லத்தில் மேட்ரனாகச் சேர்ந்தேன். பேன் வாருவதும், சிரங்குக்கு மருந்து போடுவதும், அரிசி அளந்து போடுவதுமாக முதல் ஏழெட்டு வருஷம் போயிற்று. அங்கே சூப்பரின்டெண்டாக இருந்தவர்தான் எனக்கு ஃபைல் எழுதக் கற்றுக்கொடுத்தார். "புள்ளைங்க சொல்றதுல பாதி அழுகைம்மா. அழுகைய எழுதாத, அட்ரஸ எழுது" என்பார். கல்நெஞ்சுக்காரர் இல்லை அவர். விலாசம் இல்லாத காரணத்தாலேயே ஐந்து வயதில் இல்லத்துக்கு வந்து, மீசை முளைத்து வெளியே போன பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். ஒரு ஊர்ப் பெயர் கிடைத்தால் போதும், பிள்ளை வீடு சேரும் என்பது அவருடைய நம்பிக்கை. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் திருப்பதிக்கு மாற்றினார்கள். அங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை. தரிசனக் கூட்டத்தில் கைநழுவிப்போன பிள்ளைகள், ரேணிகுண்டா ஜங்ஷனில் இறங்கி நிற்கிற பிள்ளைகள், சத்தியவேட்டுப் பக்கத்து வேலைக்கென்று ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூட்டிவரப்பட்ட பெண்கள். சட்டப்படி, பிள்ளை நம் கைக்கு வந்த இருபத்திநாலு மணி நேரத்துக்குள் குழுவின் முன்னால் நிறுத்த வேண்டும். அதற்குள் குளிப்பாட்டி, சோறு போட்டு, டாக்டரிடம் காட்டி, படிவம் எழுதியாக வேண்டும். பிள்ளைக்குப் புரிகிற பாஷையில் பேச ஒரு ஆள் பிடிக்க வேண்டும். இது தயவு இல்லை, பிள்ளையின் உரிமை. படிவத்தில் 'குழந்தை கூறியது' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்புவது என் பொறுப்பு. மற்றவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதுவதை நான் அரை மணியில் எழுதுவேன். எனக்கு அதில் கர்வம் இருந்தது. மறைப்பானேன்?

குழுவின் தலைவர் அனசூயம்மா. குடும்பக் கோர்ட்டில் இருபது வருஷம் வக்கீலாக இருந்தவர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் அறையில் பிள்ளைக்குத்தான் முதல் நாற்காலி, அதுவும் மேஜைக்கு அந்தப் பக்கம், அவருக்குப் பக்கத்தில். போலீஸ்காரரும் நாங்களும் எதிரே நிற்போம். பிள்ளையின் காதுபட 'கேஸ்' என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். பென்சிலை எடுத்து மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார், பேச்சை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு முறை சத்தியவேட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். ஆதார் கார்டில் பத்தொன்பது வயது. பெண்ணும் பத்தொன்பது என்றே சாதித்தாள். அனசூயம்மா வயதைப் பற்றிப் பேசவே இல்லை. ஊரில் உனக்குத் தம்பி இருக்கிறானா, அவன் பிறந்தபோது நீ எந்த வகுப்பு, வீட்டில் யார் சமைத்தது, உனக்கு அடுப்பு எட்டியதா என்று கேட்டுக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண் தானாக, "எனக்குப் பதினஞ்சு" என்றாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இப்போது நினைத்தால் எரிகிறது.

இன்னொரு வழக்கம் வைத்திருந்தார். ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன் 'குழந்தை கூறியது' கட்டத்தை உரக்கப் படிப்பார். பாஷை தெரிந்த ஆள் அதைப் பிள்ளையின் பாஷையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளை தலையாட்டினால்தான் கையெழுத்து. "அம்மா கோர்ட்டு நடத்தறாங்க" என்று போலீஸ்காரர்கள் முனகுவார்கள். "பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளையைப் பற்றி எழுதினால் அது பொய்ச்சாட்சி" என்பார் அவர்.

இப்போது ஜமுனாவுக்கு வருகிறேன். தள்ளித் தள்ளிப் போட்டேன், வந்துதானே ஆக வேண்டும்.

ஒன்பது வயது. ரேணிகுண்டா ஜங்ஷனில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு காலி பாட்டிலோடு நின்றிருந்தவளை ரயில்வே போலீஸ் பெண் ஒருவர் எங்களிடம் கொண்டுவந்து விட்டார். தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரு பழைய துண்டு, குழந்தையின் சட்டை ஒன்று, ஆதார் கார்டின் ஜெராக்ஸ். ஜெராக்ஸில் ஒரு பெண்ணின் முகம். ஜமுனாவின் அம்மா சாவித்ரி. விலாசம் ஒடிசாவில் பலாங்கிர் ஜில்லா. ஊர், போஸ்ட், பிளாக், பின்கோடு எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆண்டவரே, எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம்! கேட்காமலே விலாசம் கிடைத்துவிட்டது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டிபன் கடையில் மாஸ்டராக இருந்த நிரஞ்சனை வரச் சொன்னேன். அவன் அதே பக்கத்துக்காரன், தெலுங்கு நன்றாகப் பேசுவான், எங்களுக்காக அடிக்கடி வந்துபோவான். ஜமுனா அவனைப் பார்த்ததும் கொட்டித் தீர்த்துவிட்டாள். அவன் எனக்குச் சொன்னான்: "அம்மா இங்கதான் இருக்காங்கன்னு சொல்றா மேடம். பச்சைக்கல்லு அறுக்கிற இடமாம். குடிசையில படுத்தா ரயில் சத்தம் கேக்குமாம். தம்பிக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு ரயில்ல வந்தாங்களாம். இவ தண்ணி பிடிக்க இறங்கினாளாம்."

கேட்டேன். காதால் கேட்டேன். பேனா கையில் இருந்தது.

'குழந்தை கூறியது' கட்டத்தில் நான் எழுதியது பலாங்கிர் விலாசம் மட்டும்தான். ஏன் என்று கேட்டால், எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த பிள்ளைகூட, "அம்மா அதோ அங்க இருக்காங்க" என்று கேட்டைக் காட்டும். அதை நம்பி ஊர் ஊராக அலைந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். அதனால் அந்த வார்த்தை என் காதில் அழுகையாகத்தான் விழுந்தது. ஆனால் இவள் கேட்டைக் காட்டவில்லையே! கல் அறுக்கிற இடம் என்றாள், ரயில் என்றாள், ஆஸ்பத்திரி என்றாள். அது சூளைக் காலம் வேறு. ஏர்பேட்டுப் பக்கம் ரோடு முழுக்கச் செங்கல் லாரி. கண்ணும் காதும் உள்ள எவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் குழு கூடியது. அனசூயம்மா கட்டத்தைப் பார்த்தார். ஒரே ஒரு வரி.

"பிள்ளை வேறு ஏதாவது சொன்னாளா, எஸ்தர்?"

"வழக்கமா சொல்றதுதான் மேடம்" என்றேன்.

அவர் என்னை நம்பினார். விலாசத்தை உரக்கப் படித்தார். நிரஞ்சன் அதை அவள் பாஷையில் சொன்னான். ஜமுனா தலையாட்டினாள். அவள் ஊர்தானே அது, ஏன் ஆட்டமாட்டாள்? போட்டோவைக் காணாமல்போனவர்கள் பட்டியலில் ஏற்றிவிட்டு ஒரு வாரம் பார்த்தோம். யாரும் தேடி வரவில்லை. சொந்த ஜில்லாவுக்கு அனுப்ப ஆர்டர் ஆயிற்று. இரண்டு பெண் போலீஸ் துணைக்கு, புது ஃபிராக், வழிக்குப் பிஸ்கட் பாக்கெட். வேனில் ஏறும்போது அவள் என்னிடம் ஏதோ சொன்னாள். நிரஞ்சன் அன்றைக்கு இல்லை. "சரி சரி, ஊருக்குப் போறே" என்று தமிழில் சொல்லிக் கையாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை அவர்கள் வந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண், பெண்ணின் தோளில் ஒரு வயதுப் பிள்ளை. ஜெராக்ஸில் பார்த்த முகம். போனில் ஜமுனாவின் படத்தைக் காட்டினேன். சாவித்ரி படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, பிள்ளைகள் படுக்கிற அறைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தாள். நிரஞ்சன் வருகிற வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு டீ கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

நிரஞ்சன் வந்து சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியது. அழவில்லை. "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் எல்லோரும் பிழைப்புக்கு வந்திருக்கிறார்கள். மாமியார் போன வருஷம் செத்துப்போயிருக்கிறாள். அந்தத் தெருவில் பாதி வீடு பூட்டுத்தான்.

"நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்கள்?"

"ஏர்பேடு தாண்டி, சூளையில."

எங்கள் கேட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் நான். அலைந்ததோடு விட்டேனா, வெண்ணெயைத் தூக்கி எறிந்தும் விட்டேன்.

ரயில் திருப்பதிக்குப் போன பிறகுதான் பெண் ஏறவில்லை என்று தெரிந்து, அவர்கள் இரண்டு ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் தேடியிருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில் யாரோ, "ஒடிசாவா? உங்கள் ஊரில் போய்க் கொடு" என்று விரட்டியிருக்கிறார்கள். இதைப் படிக்கிற புதியவர்களே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளை காணாமல் போனால் எந்த ஊர்க்காரரிடமும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் வாங்கியே தீர வேண்டும். இது தெரியாமல் அவர்கள் அத்தனை நாள் நடந்தே தேடியிருக்கிறார்கள். கடைசியில் ஜங்ஷனில் அந்த ரயில்வே போலீஸ் பெண்தான் எங்கள் ஆபீஸைக் காட்டி அனுப்பியிருக்கிறார்.

அனசூயம்மாவிடம் போனேன். வசை விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஃபைலைக் கேட்டு வாங்கி, அந்தக் கட்டத்தின்மேல் பென்சிலை வைத்தார்.

"அன்றைக்கு உன்னைக் கேட்டேன், இல்லையா?"

"கேட்டீங்க மேடம்."

"என்ன சொன்னாய்?"

"வழக்கமா சொல்றதுதான்னு சொன்னேன்."

"அவள் சொன்னது என்ன? இப்போது சொல்."

நின்றபடி சொன்னேன். கல், குடிசை, ரயில் சத்தம், தம்பிக்குக் காய்ச்சல், தண்ணீர். ஒன்றுகூட மறக்கவில்லை. மறந்திருந்தாலாவது மன்னிக்கலாம். அவர் ஒவ்வொன்றையும் தன் கையால் எழுதினார். அதன் கீழே அன்றைய தேதி போட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு அவரும் ஒரு வரி எழுதினார்: 'ஒரே வரி இருந்தும் மேலும் விசாரிக்காமல் உத்தரவிட்டது என் பிழை.' முடித்த ஃபைலைத் தன் தப்பை எழுதித் திறந்த அதிகாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒடிசாவுக்குப் போன் போட்டார். வீடு பூட்டியிருந்ததால் ஜமுனாவை அங்கே ஒரு இல்லத்தில் வைத்திருந்தார்கள். அந்தக் குழு சொன்னதும் நியாயம்தான். குழந்தையைச் சூளைக்கு அனுப்பு என்று எங்களால் எழுத முடியாது; பெற்றோர் அங்கே குடியிருக்கிறார்கள் என்பதற்கு அரசாங்கச் சான்று வேண்டும்; பிள்ளை கல் சுமக்காமல் பள்ளிக்கூடம் போகும் என்று எழுத்தில் வேண்டும்; இல்லையென்றால் பெற்றோர் சொந்த ஊருக்கு வந்து குடியிருந்து கூட்டிக்கொள்ளட்டும். ஜமுனாவின் அப்பா, "நான் போய்ப் பூட்டைத் திறந்து உட்கார்ந்துகொள்கிறேன்" என்றார். ஆனால் சின்னப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பாதியில் இருந்தது. சீசன் முடியாமல் யாரையும் விடமாட்டேன் என்கிறான் சூளைக்காரன். அவன்மேல் தொழிலாளர் துறைக்கு அனசூயம்மா அன்றைக்கே எழுதினார். அந்தக் கதை தனி.

எனக்கு முன்னால் இருந்த வேலை ஒன்றுதான்: அவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு காகிதம்.

நிரஞ்சனோடு சூளைக்குப் போனேன். வேகாத கல்லையே அடுக்கி, மேலே தகரம் போட்ட முப்பது நாற்பது குடிசை. குனிந்துதான் நுழைய வேண்டும். வாசலில் அடுப்புப் புகை, கொடியில் துணி, மண்ணில் தவழ்கிற பிள்ளைகள். மேஸ்திரி வந்தான்.

"இங்கே குடும்பம் யாரும் இல்லை மேடம். கூலிக்கு வருவாங்க, போவாங்க."

அவன் காலடியில் ஒரு குழந்தை மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. "இது யாரு, உன் பங்காளியா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். கடிதமெல்லாம் தரமாட்டானாம்.

கிராம சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "டோர் நம்பர் இல்லாமல் சிஸ்டம் எடுக்காது மேடம்." "கதவே இல்லாத வீட்டுக்கு டோர் நம்பருக்கு எங்கே போவேன்?" என்றேன். அவளும்தான் என்ன செய்வாள், பாவம். நான்கு முறை போனேன். நான்கு முறையும் அதே பதில். சாவித்ரி இரண்டு நாளைக்கு ஒரு முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுவாள். எதுவும் கேட்கமாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள், போவாள். அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

ஐந்தாவது முறை போனபோது வெயில் தாங்காமல் பக்கத்து அங்கன்வாடியில் தண்ணீர் கேட்டேன். டீச்சர் சம்பூர்ணம், சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் தெலுங்கைக் கேட்டதுமே தமிழுக்கு மாறினாள்.

"இன்னாக்கா, நாலு நாளா இந்த வெயில்ல சுத்திக்கினு கீற. யார தேடற?"

சொன்னேன். ஜமுனா என்ற பெயரைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யோ, அந்தப் பொண்ணா? ஊருக்கு ஓடிப்போச்சின்னு மேஸ்திரி சொன்னானே! தம்பிய இடுப்புல வெச்சிக்கினு வாரா வாரம் வருமே அக்கா. எடை போட்டு, முட்டை வாங்கிக்கினு போவும். நான் துன்னுன்னா துன்னாது, தம்பிக்குன்னு சொல்லும்."

"எடை போட்டியா? எதுல எழுதின?"

அவள் முகம் மாறியது. கதவுப் பக்கம் பார்த்தாள். "ரிஜிஸ்டர்லதான். வெளியூர் பேர ஏன் ஏத்தினன்னு போன மாசம் மேல இருக்கறவங்க சண்டை புடிச்சாங்க. கொயந்த பசிக்குது, ஊர் கேட்டுக்கினா முட்டை குடுப்பாங்க? நீ அத ஆபீஸ்ல காட்டி என் வேலைக்கு ஒலை வெச்சிடாதக்கா. எனக்கும் ரெண்டு பொண்ணு கீது."

"சட்டம் உன் பக்கம் சம்பூர்ணம். வலசை வந்த கொயந்தைக்கும் குடுத்தே ஆவணும். நீ செஞ்சதுதான் சரி. யார் கேட்டாலும் நான் வந்து நிக்கிறேன்."

நம்பினாளா இல்லையா தெரியாது. கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு பீரோவைத் திறந்து நீளமான ரிஜிஸ்டரை என் மடியில் வைத்தாள். விலாசக் கட்டத்தில், 'சூளை, ரயில் ரோட்டோரம், மூணாம் வரிசை, புங்க மரத்துக்கு எதிரே' என்று தெலுங்கில் எழுதியிருந்தது. பெற்றுக்கொண்டவர் கட்டத்தில் வாரா வாரம் ஒரு கிறுக்கல். முதல் சில வாரம் வெறும் கோடு. அப்புறம் வளைவு. கடைசி மூன்று வாரம் தப்பும் தவறுமாகத் தெலுங்கில் 'ஜமுனா'.

"அது சொவத்துல இருக்கற எழுத்தப் பாத்துக்கினே நிக்கும்க்கா. நான்தான் காட்டினேன்" என்றாள் சம்பூர்ணம்.

எனக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது. அந்தப் பிள்ளை இந்த ஊரில் இருந்தேன் என்று பதின்மூன்று முறை எழுதி வைத்திருக்கிறாள், அதுவும் சர்க்கார் ரிஜிஸ்டரில். நாங்கள் கணினியில் தேடிக்கொண்டிருந்தோம்.

சம்பூர்ணம் தன் கையெழுத்தோடு நகல் கொடுத்தாள். ஏர்பேட்டில் ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் எந்தக் காகிதமும் கேட்காமல் ஜமுனாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். சட்டப்படி கேட்கவும் கூடாது. அனசூயம்மா எல்லாவற்றையும் வைத்து ஒடிசாவுக்கு எழுதினார், போன் செய்தார், திரும்ப எழுதினார். நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று.

ஜமுனா வந்த அன்று குழு அறையில் சாவித்ரி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. துணைக்கு வந்த போலீஸ் பெண் கதவைத் திறந்ததும், ஓடி வருவாள் என்று நினைத்தேன். ஜமுனா ஓடவில்லை. மெல்ல நடந்து வந்து அம்மாவின் புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சாவித்ரி அவள் தலையைத் தடவினாள், தடவிக்கொண்டே இருந்தாள்.

அனசூயம்மா அவளைத் தன் பக்கத்து நாற்காலிக்குக் கூப்பிட்டார். வந்தாள், ஆனால் புடவையை விடவில்லை, அதனால் சாவித்ரியும் மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். நான் எதிரே புதுப் படிவத்தோடு நின்றேன். சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியை அனசூயம்மா கேட்டார், நிரஞ்சன் அவள் பாஷையில் சொன்னான்.

"உன் வீடு எங்கே இருக்கிறது, கண்ணு?"

ஜமுனா அம்மாவைப் பார்க்கவில்லை. அனசூயம்மாவையும் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்: ஊர், போஸ்ட், பிளாக், பலாங்கிர் ஜில்லா, பின்கோடு. ஒரு எண்கூடத் தப்பவில்லை. அந்த இல்லத்தில் பழக்கியிருக்கிறார்கள். தினமும் சொல்லச் சொல்லியிருப்பார்கள். நாங்களாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். பின்கோடு முடிந்ததும் நிறுத்தி, நிரஞ்சனிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டாள்.

"இன்னாப்பா கேக்குது?" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"'இந்தத் தடவை சரியாச் சொல்லிட்டேனா, இப்ப அம்மாகூட விடுவாங்களா'ன்னு கேக்குறா மேடம்."